சும்மாதான் எழுதுகிறேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருஷமாக ஐ.டி. வேலை. பதினோரு வயதில் ஒரு மகள், எட்டு வயதில் ஒரு மகன். வருஷத்துக்கு மூன்று, நான்கு சிறுகதைகள். ராத்திரியில் கொஞ்சம் கேம். இதில் எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு மற்றதைப் பற்றித்தான் கேள்வி வருகிறது. ஆபீஸில் கதையைப் பற்றிக் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் சம்பளத்தைப் பற்றி, பிள்ளைகளின் பள்ளி வாசலில் கேமைப் பற்றி. ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது? எழுதி வைத்துவிட்டேன்.

இதற்கெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியை என் வீட்டுக்காரரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதமும் அவர் ஒரு ஆட்டம் விடமாட்டார். ஒரு ஆட்டம் மூன்றரை மணி நேரம். அதைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாவலே எழுதலாம். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

சரி, பதிலுக்கு வருகிறேன். எனக்கு நேரம் கொடுத்தது சென்னை மெட்ரோ. அதில் நான் இன்னும் ஏறவில்லை, தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாம் வழித்தடமும், மேடவாக்கம் வழியாக வரும் ஐந்தாம் வழித்தடமும் சோழிங்கநல்லூரில் சந்திக்கின்றன. என் வீடு மேடவாக்கம், ஆபீஸ் சோழிங்கநல்லூர். தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. தடுப்புகளும் கிரேன்களும் புண்ணியத்தில் ஒரு வழிக்கு ஐம்பது நிமிஷம் ஆகிவிடுகிறது. ஆபீஸ் போகும் மூன்று நாளும் கேப் வண்டியின் பின் சீட்டில் கட்டைவிரலால் போனில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இருநூறு வார்த்தை தேறும். அதில் நூறை மறுநாள் அழிப்பேன்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் ஒரு வரி ஓடாது. மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் இருக்கும் பத்து நிமிஷத்தை வீடு சாப்பிட்டுவிடும். வாஷிங் மெஷின் கூப்பிடும், கேஸ்காரர் பெல் அடிப்பார், "அம்மா, என் இன்னொரு சாக்ஸ் எங்கே?" மெட்ரோ வேலை முடிந்தால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பயம் உண்டு.

ஐ.டி.யில் என்ன வேலை? கோடிங்கா?

டெஸ்டிங். இன்னொருவர் கட்டியதை எங்கே தட்டினால் உடையும் என்று பார்க்கும் வேலை.

ஒரு சம்பவம் சொல்கிறேன், புரிந்துவிடும். சான்றிதழில் பெயரைத் தமிழில் அச்சிடும் ஒரு மென்பொருள் எங்கள் டீமுக்கு வந்தது. பெயருக்கு அதிகபட்சம் 20 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தார்கள். நான் 'செந்தில்குமார் கண்ணன்' என்று கொடுத்துப் பார்த்தேன். 'செந்தில்குமார் கண்ணன' என்று வந்தது. கடைசிப் புள்ளியைக் காணோம். அந்த மென்பொருளை எழுதிய பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "அக்கா, பதினொரு எழுத்துதானே இருக்கு? இருபது வரைக்கும் விட்டிருக்கேனே?" என்றான்.

அவன் சொன்னது நம் கணக்குப்படி சரி. கணினியின் கணக்கு வேறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'செ' என்பது ஒன்றல்ல, ச ஒன்று, கொம்பு ஒன்று. 'ந்' என்பதும் இரண்டு, ந ஒன்று, புள்ளி ஒன்று. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. 'செந்தில்குமார்' நமக்கு ஏழு, அதற்கு 14. இடைவெளி ஒன்று, கண்ணனுக்கு ஆறு, ஆக மொத்தம் 21. இருபதோடு வெட்டினால் தலை உருண்டது ன்-னின் புள்ளி. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நம் இலக்கணத்தில் 'க்' முதலில், அதோடு அகரம் சேர்ந்தால் 'க'. கணினியில் 'க' முதலில், புள்ளி வைத்தால் 'க்'. என் தமிழ் ஐயா கேட்டிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

"ஒரு டாட்தானே, அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்" என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் சண்டை போட்டு அந்த ரிலீஸிலேயே சரிசெய்ய வைத்தேன். கதை எழுதுகிறவளை டெஸ்டிங்கில் வைத்தால் இப்படித்தான், ஒரு புள்ளிக்கு உயிரை விடுவாள்.

அப்போ சுஜாதா மாதிரி அறிவியல் கதைகளா?

இல்லை. ஐ.டி., கதை என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே அடுத்து சுஜாதா பெயர்தான் வரும். அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். நான் கண்ணன் பெயரில் ஒரு புள்ளியை மீட்டவள். ஒப்பிட வேண்டாம்.

என் கதைகளில் ரோபோ வராது. அபார்ட்மெண்ட், லிஃப்ட், தண்ணீர் லாரி, மாதக் கடைசி, இவ்வளவுதான் வரும்.

கதைக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?

எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. பெயர், வீட்டு எண், போன் நம்பர், வந்த காரணம், உள்ளே போன நேரம், வெளியே போன நேரம். கேப் வரும்வரை நின்றுகொண்டே அதைப் புரட்டுவது என் கெட்ட பழக்கம். காரணம் என்ற கட்டத்தில் கொரியர், ஏ.சி., மாவு, டியூஷன், மறுபடி கொரியர் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் நடுவில் ஒரு வரி. கையெழுத்து பழைய காலத்து அழகு, 'லை'க்குத் தும்பிக்கை போட்டு எழுதுகிற கை. காரணம் என்ற இடத்தில் 'வேலை ஒன்றும் இல்லை, சும்மா' என்று எழுதியிருந்தது.

வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். "ஒரு பெரியவர்மா. மகளைப் பார்க்க வந்தாரு. காரணம் எழுதணும்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேனாவப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. அப்புறம் இப்படிப் போட்டுட்டாரு."

உள்ளே 4.10. வெளியே 4.35.

மகள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த அப்பா இருபத்தைந்து நிமிஷத்தில் திரும்பிப் போயிருக்கிறார். ஒருவேளை மகள் வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கலாம். எனக்கு அந்த இருபத்தைந்து நிமிஷத்தை எழுதி முடிக்க மூன்று மாதம் ஆனது. யாரிடமும் போய் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை போயிருக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் கதையில் வருவார்களா? வீட்டில் சண்டை வராதா?

வருவார்கள், வேஷம் மாற்றி. என் மாமியாரிடம் எந்த வேஷமும் பலிக்காது. ஒரு கதையைப் படித்துவிட்டு, "இந்த ராஜலட்சுமி நான்தானே?" என்றார். "இல்லவே இல்லை அத்தை, அவங்க மதுரைக்காரங்க." "அப்போ அவளும் ஏன் ரசத்துல வெல்லம் போடுறா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்று, அவரைப் போல ஒரு டெஸ்டர் எங்கள் கம்பெனியில்கூடக் கிடையாது. இன்னொரு கதையில், தீபாவளி ராத்திரி பட்டாசுச் சத்தம் ஓய்ந்தபின் கணவனும் மனைவியும் பால்கனியில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். நானே நாலு தடவை படித்தேன், தோழிகள் இரண்டு பேர் படித்தார்கள், வெளியிட்ட பத்திரிகையிலும் படித்திருப்பார்கள். அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அமாவாசையை ஒட்டி வர்ற பண்டிகைக்கு ஏது நிலா?"

அச்சாகிவிட்டது, இனி ரிலீஸை வாபஸ் வாங்க முடியாது. அன்றிலிருந்து எந்தக் கதையும் அத்தை கையைத் தாண்டித்தான் வெளியே போகிறது. ராஜலட்சுமிகள் வரும் கதை மட்டும் விதிவிலக்கு.

தமிழில் எப்படி டைப் செய்கிறீர்கள்? தங்கிலீஷில் அடித்தால் மாறுமே, அதுவா?

முன்பு அதுதான். 'ammaa' என்று மனசுக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வார்த்தையையும் அடித்துக்கொண்டிருந்தேன் என்று இங்கே எழுதவே கை கூசுகிறது. இப்போது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். 'ம'வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். அதனால் 'அம்மா' என்று எழுத நாலே தட்டு: அ, ம, ம, ஆ. 'ந்த', 'ங்க' போன்ற ஜோடிகளுக்கும் புள்ளி தானாக விழும். மொழி தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது நாளே புரிந்துவிட்டது. கை பழக மூன்று வாரம் ஆனது. நடுவில் ஒரு வாரம் ஆபீஸ் மெயிலில்கூடத் தப்புத் தப்பாக அடித்தேன்.

கதை எழுத ஏ.ஐ. பயன்படுத்துவீர்களா?

ஆபீஸில் நாள் முழுக்க அதோடுதான் பேசுகிறேன், டெஸ்ட் கேஸ் எழுதித் தருகிறது, சௌகரியமாக இருக்கிறது. கதைக்கு வேண்டாம். தாயம் ஆடும்போது கட்டையை உருட்ட ஆள் வைப்பார்களா?

என்னென்ன கேம் ஆடுவீர்கள்?

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். தொண்ணூறுகளில் மே மாத லீவில் மாமா வீட்டுக்கு ஒரு டிவி கேம் வந்தது. மஞ்சள் கேசட், மேலே '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். மற்றவர்கள் எல்லாரும் கான்ட்ரா என்ற துப்பாக்கி கேமுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு அந்த 9999-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எண்பது வரை போனேன். உண்மையில் இருந்தது ஏழு கேம். மீதி எல்லாம் அதே ஏழுதான், பெயரை மாற்றித் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சம்பளம் வாங்காமல் நான் பார்த்த முதல் டெஸ்டிங் வேலை அது. கண்டுபிடித்ததைச் சொன்னபோது மாமா பையன், "அதனால என்ன, நமக்குக் கான்ட்ரா இருக்குல்ல" என்றான். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இந்த வரிசையில் தட்டினால் முப்பது உயிர் கிடைக்கும். எங்கள் தெருவில் இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. இணையம் கிடையாது, பத்திரிகை கிடையாது, ஆனால் அம்பாசமுத்திரத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது மகனோடு மைன்கிராஃப்ட். அவன் கோட்டை கட்டுவான், நான் அதன் பக்கத்தில் கத்தரிக்காய்த் தோட்டம் போட முடியாதா என்று தேடுவேன். மகளோடு ஆடியதில் பிடித்தது 'வெண்பா'. கனடாவில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது, டொராண்டோவில் செய்து 2023-இல் வெளியானது. அழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்துப் பார்த்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பதுதான் அங்கே புதிர். ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் அடுக்களைக்கு வந்து, நான் அடுக்கி வைத்திருந்த இட்லித் தட்டைத் தூக்கிப் பார்த்து, குழி மேல் குழி வராதபடி திருப்பி வைத்தாள். "நான் எத்தனை வருஷமா இட்லி ஊத்துறேன் தெரியுமா?" என்றேன். "இருந்தாலும் செக் பண்ணணும்ல" என்றாள்.

பிள்ளைகளுக்கு கேம் ஆட எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள்?

நிமிஷக் கணக்கு வைத்துப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. லெவல் பாதியில் இருக்கும்போது "நிறுத்து" என்றால் எந்தப் பிள்ளைக்கும் அழுகைதான் வரும். ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். கதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது என் போனை யாராவது பிடுங்கினால் நானும் அழுவேன். அதனால் எங்கள் வீட்டில் 'அடுத்த சேவ் வரைக்கும்', அதாவது ஆடியது பதிவாகும் இடம் வரைக்கும் என்பதுதான் விதி. சேவ் ஆனதும் நிறுத்த வேண்டும். பள்ளி நாளில் ஒரு சேவ், சனி ஞாயிறு இரண்டு. என் மகன் மிகத் தாமதமாக சேவ் வரும் கேம்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான் என்பது சமீபத்தில்தான் புரிந்தது.

ஆன்லைனில் காசு கட்டி ஆடும் ரம்மி போன்றவை கிடையாது. 2025-இல் நாடாளுமன்றமே அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன்பும் எங்கள் வீட்டில் கிடையாது.

சென்னையில் இருந்துகொண்டு பிள்ளைகளைச் செஸ் வகுப்புக்கு அனுப்பவில்லையா?

அனுப்பினேன். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனபிறகு எங்கள் பிளாக்கில் செஸ் வகுப்புக்குப் போகாத பிள்ளை என் மகன் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அவனுக்கும் குதிரை என்றால் உயிர். மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டி நிற்கும் 'தம்பி' குதிரை ஊர் முழுக்க இருந்ததே, அதில் ஆரம்பித்த பைத்தியம். அப்போது நேப்பியர் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக வண்ணம் அடித்திருந்தார்கள். ஸ்கூட்டரில் போகும்போது பின்னாலிருந்து, "இதுல யாரு ஆடுவாங்க? காய் எவ்ளோ பெருசு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மூன்றாவது வாரம் சார் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்ல பையன்தான். ஆனா மந்திரியை வெட்டக் கொடுத்தாக்கூட வெட்ட மாட்டேங்கிறான். குதிரையும் மந்திரியும் பேசிட்டு இருக்காங்களாம்." கட்டின பணம் போனால் போகிறது என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவை என்ன பேசிக்கொண்டன என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

எழுத்தில் என்ன வருமானம்? தொகுப்பு எப்போது?

இதுவரை பதினொரு கதை அச்சில் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது எங்கள் வீட்டின் இரண்டு மாதப் பால் கணக்கு. ஒவ்வொரு ஜனவரியிலும் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகும்போது, அடுத்த வருஷம் இந்த மேஜையில் நம் புத்தகமும் கிடக்கும் என்று நினைப்பேன். வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடும்போது மறந்துவிடும்.

சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். "அப்போ எதுக்குத்தான் எழுதுறே?" என்பார்கள். வேலையில் நான் செய்யும் எல்லாவற்றுக்கும் ஒரு டிக்கெட் நம்பர் உண்டு, முடிக்க வேண்டிய தேதி உண்டு, ஏன் தாமதம் என்று கேட்க ஒரு ஆள் உண்டு. பிள்ளை வளர்ப்பிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தப் பெரியவர் பதிவேட்டில் எழுதினாரே, காரணம் என்ற கட்டத்தில் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கேம் தவிர பழைய ஆட்டங்கள் ஏதாவது?

பல்லாங்குழி. ஆச்சி கொடுத்த பலகை, நடுவில் பித்தளைக் கீல், ஒரு குழியில் கீறல். மரத்தில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போயிருக்கும். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவருக்கு. ஊருக்கு ஊர் விதி மாறும், இது ஆச்சி வீட்டு விதி. இன்னொன்றும் உண்டு, குழியில் கிடப்பதை விரலால் தொட்டு எண்ணக் கூடாது. எண்ணினால் புறங்கையில் ஒரு தட்டு விழும். "எண்ணாத ஏட்டி, கைக்குத் தெரியும்" என்பாள்.

போன லீவில் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது நாள் வந்து நின்றாள். "அம்மா, முதல் ஆட்டத்துல எந்தக் குழியில ஆரம்பிச்சாலும் ஏழுதான் கிடைக்குது." அதெல்லாம் இருக்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதல் குழியிலிருந்து ஆடினோம், ஏழு. இரண்டாவது, ஏழு. ஏழு குழியும் ஆடிப் பார்த்தோம். அப்புறம் யோசித்தால் எளிதுதான். எல்லாக் குழியிலும் ஐந்து, பலகையோ வட்டமாகச் சுற்றுகிறது, எங்கே ஆரம்பித்தால் என்ன? ஐந்தைப் போட்டு, மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து, பின் ஆறு, பின் ஆறு, வெறும் குழி, அதற்கடுத்ததில் ஏழு. ஆக, முதலில் ஆடுகிறவருக்கு ஏழு கொட்டை இலவசம். முப்பத்தைந்து வருஷமாக என் பக்கத்திலேயே இருந்த பலகை, டெஸ்டர் என்று பெயர் வேறு, எனக்குத் தோன்றவே இல்லை.

இதைச் சொன்னபோதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. ஆச்சி எப்போதும் "நீ ஆரம்பி ஏட்டி" என்பாள். ஒரு நாளும் அவள் முதலில் ஆடியதில்லை. "அப்போ ஆச்சிக்கு இது தெரியுமா?" என்று மகள் கேட்டாள். தெரியாமலா இருந்திருக்கும்? அந்த ஏழையும் கொடுத்துவிட்டுத்தான் முக்கால்வாசி ஆட்டம் ஜெயித்தாள்.

மகள் இப்போது தம்பியோடு ஆடும்போது எல்லா ஆட்டத்தையும் தானே ஆரம்பிக்கிறாள். அவனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்திருக்கிறேன். அவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிக்கிறான். இந்த இடத்துக்கு வந்து சேர நாளாகும்.